தலைப்பிரசவமும் தையலும்: கிழியாமல் இருக்க என்ன செய்யலாம்?

முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. குழந்தையின் எடை சரியாக இருக்கிறதா, தலை திரும்பிவிட்டதா, தேதி எப்போது. கேட்கக் கூச்சப்பட்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றும் உண்டு: "கீழே கிழியுமா? தையல் போடுவார்களா?"

என் தங்கை இதை என்னிடம் கேட்டபோது அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. கேட்ட கையோடு "சரி, விடுக்கா" என்று பேச்சை மாற்றினாள். எனக்கு விட மனசில்லை. என் தலைப்பிரசவத்தின்போது இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை பிறந்து கொஞ்ச நேரம் கழித்து, கால்மாட்டில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒருவர் தைக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு வெட்டு போட்டிருக்கிறார்கள் என்பதே தெரிந்தது. வலி சில வாரங்களில் போய்விட்டது. அந்தத் திகைப்பு போக ரொம்ப நாள் ஆனது. அதனால் அவளுக்காக உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிழிசலே இல்லாமல் பிரசவிக்க உத்தரவாதமான வழி எதுவும் கிடையாது. பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தரும் கணக்கின்படி, சுகப்பிரசவம் ஆகும் முதல் முறை தாய்மாரில் 10 பேரில் 9 பேர் வரை ஏதோ ஒரு சிராய்ப்பு, கிழிசல் அல்லது வெட்டுடன்தான் வெளியே வருகிறார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கிழிந்தால் "நான் சரியாக முக்கவில்லை" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சின்னக் கிழிசல் ஆறிவிடும். ஆழமான கிழிசலைத் தவிர்ப்பதுதான் உண்மையான இலக்கு, அதற்கு நிறையவே செய்ய முடியும்.

எந்த இடம், ஏன் கிழிகிறது

பிறப்புறுப்பின் வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதியை மருத்துவர்கள் பெரினியம் என்கிறார்கள். சாதாரணமாக 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான். மேலே தோல், அதற்கடியில் தசைகள், இன்னும் உள்ளே ஆசனவாயைச் சுற்றி வளையமாக இருக்கும் சுருக்குத்தசை. மலத்தையும் காற்றையும் அடக்கி வைப்பது அந்த வளையம்தான்.

குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் இந்தச் சின்ன இடம் விரிந்து, மெலிந்து, தலையைச் சுற்றி ஒரு விளிம்பாக மாறுகிறது. எவ்வளவு விரிய வேண்டும் என்பது தலை எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. குழந்தை தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து வந்தால் சுமார் 9.5 சென்டிமீட்டர் விட்டம் போதும். முகம் மேலே பார்த்தபடி, தலை நிமிர்ந்து வந்தால் அது 11.5 சென்டிமீட்டர் வரை போகும். இரண்டு சென்டிமீட்டர் என்பது கேட்க அற்பமாக இருக்கலாம். அந்த விளிம்புக்கு அது பெரிய வித்தியாசம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வாயின் இரு ஓரங்களில் வைத்து, சட்டென்று பக்கவாட்டில் இழுங்கள். உதட்டோரம் சுள்ளென்று எரியும். இப்போது அதே அளவுக்கு, ஆனால் மெதுவாக, நடுநடுவே நிறுத்தி இழுங்கள். அதே தோல்தான், அதே தூரம்தான், ஆனால் இந்த முறை விட்டுக்கொடுக்கிறது. பெரினியமும் இப்படித்தான். கர்ப்பத்தின் கடைசியில் அந்தத் திசுக்கள் ஏற்கெனவே இளகி, ரத்த ஓட்டம் கூடி, விரியத் தயாராகத்தான் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது நேரம். இந்தக் கட்டுரையில் இனி வரும் பெரும்பாலான விஷயங்கள் அந்த நேரத்தை எப்படி வாங்கித் தருவது என்பதைப் பற்றியவைதான்.

நான்கு நிலைகள்

கிழிசலை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். தோலும் பிறப்புறுப்பின் உட்சவ்வும் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. பல நேரம் தையலே வேண்டாம், தானாக ஆறிவிடும். அடியில் உள்ள தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. பொதுவாகத் தையல் போடுவார்கள், ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். சுகப்பிரசவத்தில் தையல் போட்டுக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

ஆசனவாய்ச் சுருக்குத்தசைவரை கிழிசல் போனால் மூன்றாம் நிலை. அதையும் தாண்டி மலக்குடலின் உட்சவ்வும் கிழிந்தால் நான்காம் நிலை. இந்த இரண்டும்தான் கடுமையானவை. மேலே சொன்ன ராயல் கல்லூரியின் கணக்கில் முதல் சுகப்பிரசவத்தில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு இவை வருகின்றன, அடுத்தடுத்த பிரசவங்களில் 100க்கு 2 பேருக்கும் குறைவு. கவனிக்காமல் விட்டால் காற்றையோ மலத்தையோ அடக்க முடியாத நிலை வரலாம் என்பதால்தான் மருத்துவர்கள் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறார்கள்.

தலைப்பிரசவம் என்பதே ஒரு காரணம், ஏனென்றால் அந்தத் திசு இதற்கு முன் இப்படி விரிந்ததில்லை. அதோடு குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருப்பது, முகம் மேலே பார்த்து வருவது, முக்கும் கட்டம் ரொம்ப நேரம் நீள்வது, தோள் சிக்கிக்கொள்வது, ஆயுதம் போட்டு எடுப்பது ஆகியவையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். ஆயுதத்திலும், தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வேக்குவத்தைவிட, இடுக்கி போன்ற ஃபோர்செப்ஸில் கடுமையான கிழிசல் அதிகம். இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. இவற்றில் ஒன்றுமே இல்லாத பெண்ணுக்கும் கிழியலாம், எல்லாம் இருந்தும் சிராய்ப்போடு தப்பித்தவர்களும் உண்டு. அதனால் இதை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டாம்.

கடைசி வாரங்களில் வீட்டிலேயே செய்யக்கூடியது

பிரசவத்துக்கு முன்பே செய்யக்கூடியவற்றில் நல்ல ஆதாரம் உள்ளது பெரினிய மசாஜ். சுமார் 2,500 பெண்கள் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று இருக்கிறது. இதற்கு முன் சுகப்பிரசவம் ஆகாத பெண்கள் 34 அல்லது 35ஆவது வாரத்திலிருந்து இந்த மசாஜைச் செய்தால், தையல் தேவைப்படும் காயமும் வெட்டு போடுவதும் குறைகின்றன என்று அது காட்டுகிறது. எவ்வளவு குறைகிறது? 15 பெண்கள் செய்தால் அவர்களில் ஒருவருக்குத் தையல் தவிர்க்கப்படும். மந்திரம் இல்லை, ஆனால் செலவில்லாத, பக்கவிளைவு பெரிதாக இல்லாத ஒரு காரியத்துக்கு இது நல்ல பலன். மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசலை மட்டும் இது குறைப்பதாக அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. எனக்குப் பிடித்த விஷயம், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்தாலே போதும் என்பது. தினமும் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

எப்படிச் செய்வது? வெந்நீரில் குளித்துவிட்டு வந்த நேரம் நல்லது, உடல் இளகி இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தலையணையில் சாய்ந்து முழங்காலை மடக்கி உட்காரலாம், அல்லது நின்றபடி ஒரு காலை உயரமான எதன் மேலாவது வைத்துக்கொள்ளலாம். வாசனை சேர்க்காத தாவர எண்ணெயோ தண்ணீர் சார்ந்த மசகுக் களிம்போ விரலில் தடவிக்கொள்ளுங்கள். கட்டைவிரல்களைப் பிறப்புறுப்புக்குள் 3 முதல் 4 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட முதல் கணு வரை விட்டு, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். லேசாக இழுபடுகிற, கொஞ்சம் எரிகிற உணர்வு வரும். அங்கேயே ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சை இழுத்து விடுங்கள். அப்புறம் கீழிருந்து இரண்டு பக்கமும் மேலேறி மறுபடி கீழே வருகிற மாதிரி, பாதி வட்டமாக மெதுவாக நீவுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம் போதும். மேல்பக்கம், சிறுநீர்த் துவாரம் இருக்கும் இடத்தில் அழுத்தக் கூடாது.

முதல் சில முறை இறுக்கமாகவும் அசௌகரியமாகவும் இருக்கும். என் தங்கை முதல் நாள் "என்னால் முடியாது" என்று எழுந்துவிட்டாள். மூன்றாவது வாரத்தில் அந்த எரிச்சல் கிட்டத்தட்ட இல்லை என்றாள். வயிறு பெரிதாகி கை எட்டவில்லை என்றால் கணவர் செய்யலாம், அவர் ஆள்காட்டி விரலைப் பயன்படுத்தட்டும். ஆனால் எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வலிக்கிற அளவுக்கு அழுத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

இந்த மசாஜில் நான் பெரிதாக மதிப்பது இன்னொன்று. அந்த எரிகிற, விரிகிற உணர்வு உங்களுக்கு முன்பே பழகிவிடுகிறது. தலை வெளியே தெரியும்போது இதே எரிச்சல் பல மடங்காக வரும். அப்போது உடம்பு இயல்பாகவே இறுகப் பார்க்கும். எரியும்போது இறுகாமல் தளர்த்த முடியும் என்று ஏற்கெனவே பழகிய பெண்ணுக்கு அந்த நிமிடம் முற்றிலும் புதிதாக இருக்காது.

சிலர் இதைச் செய்யக் கூடாது. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், குறைமாதப் பிரசவ ஆபத்து இருப்பவர்கள், பிறப்புறுப்பில் கிருமித்தொற்றோ ஹெர்பிஸ் புண்ணோ உள்ளவர்கள் வேண்டாம். 34 வாரத்துக்கு முன்பு யாருமே வேண்டாம். ஆரம்பிக்கும் முன் உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சியையும் பலர் கிழிசலோடு சேர்த்துச் சொல்கிறார்கள். காற்றை அடக்குவது போல் தசையை உள்ளிழுத்துப் பிடித்து விடும் பயிற்சி அது. கர்ப்ப காலத்திலேயே தொடங்கினால் பின்னால் சிறுநீர் கசிவதைத் தடுக்க உதவுகிறது, அதற்காகக் கட்டாயம் செய்யலாம். கிழிசலைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துச் செய்ய வேண்டாம். செய்யும்போது "பிடிப்பது" போலவே "விடுவதையும்" முழுசாகச் செய்யுங்கள், பிரசவ அறையில் தேவைப்படப்போவது அந்த விடுவதுதான். பிரசவத்துக்கு முன் உள்ளே வைத்து ஊதி விரிக்கும் பலூன் கருவிகளும் விற்கிறார்கள். பெரிய ஆய்வில் அவற்றால் கிழிசல் குறையவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பிரசவ அறையில்

கடுமையான கிழிசலைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி நடப்பது கடைசி அரை மணி நேரத்தில். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு துணிதான்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை, குழந்தையின் தலை கீழே வந்து பெரினியம் புடைக்க ஆரம்பிக்கும்போது அந்த இடத்தில் வைத்துப் பிடிக்கிறார்கள். ஆறிப்போனால் மறுபடி நனைத்து வைக்கிறார்கள். அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் 717 முதல் முறை தாய்மாரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் துணி வைத்தவர்களில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. வலியும் குறைவாக இருந்ததாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். தையல் தேவைப்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆழமான கிழிசல்தான் குறைந்தது, நமக்கு வேண்டியதும் அதுதான். பின்னால் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் இதையே உறுதி செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் வெதுவெதுப்பான ஒத்தடம், பெரினிய மசாஜ், கையால் தாங்கிப் பிடித்தல் ஆகிய மூன்றையும், பெண்ணின் விருப்பத்தைக் கேட்டுச் செய்யலாம் என்று சேர்த்திருக்கிறது.

என் தங்கையின் பிரசவத்தில் அவள் தலைமாட்டில் நான் நின்றிருந்தேன். செவிலியர் துணியை முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்தார். அப்புறம் "வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வைத்த நொடியில் தங்கையின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். அதுவரை என் கையை நசுக்கிக்கொண்டிருந்த பிடியும் தளர்ந்தது. எபிடியூரல், அதாவது வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி, போட்டிருந்தால் அந்த இடத்தில் சூடு சரியாகத் தெரியாது, அதனால் இப்படி மணிக்கட்டில் பார்த்து வைப்பது இன்னும் முக்கியம்.

அடுத்தது தலை வெளியே வரும் வேகம். வலி வரும்போது தலை தெரியும், வலி போனதும் உள்ளே போய்விடும். முதல் பிரசவத்தில் இது பல முறை நடக்கும். "முன்னேற்றமே இல்லையே" என்று மனசு சோர்ந்துவிடும், ஆனால் அப்படிப் போய்ப் போய் வருவதுதான் திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கிறது. ஒரு கட்டத்தில் தலை உள்ளே போகாமல் அங்கேயே நிற்கும். நெருப்பு வளையம் வைத்த மாதிரி எரியும். அந்த நேரத்தில் முழு பலத்தோடு முக்கினால் தலை ஒரே உந்தலில் வந்துவிடும், கிழிசலும் ஆழமாகப் போகலாம். அதனால் அப்போது செவிலியர் "முக்காதீங்க" என்பார். இதுவரை "முக்குங்க, முக்குங்க" என்றவரே இப்படிச் சொல்வது குழப்பமாக இருக்கும். காரணம் தெரிந்திருந்தால் கேட்க முடியும்.

முக்காமல் இருப்பது எப்படி? வாயைத் திறந்து நாய் இரைப்பது போல் சின்னச் சின்னதாக மூச்சு விடுங்கள். அல்லது மெழுகுவத்திச் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு மெல்ல ஊதுங்கள். வாய் திறந்து மூச்சு விடும்போது வயிற்றை இறுக்கி முக்குவது கடினம், அதனால்தான் இந்த உத்தி. தாடையைக் கடித்துக்கொண்டிருந்தால் இடுப்பும் சேர்ந்து இறுகும். பல்லைத் தளர்த்துங்கள், "ஆ..." என்று தாழ்ந்த குரலில் சத்தம் வந்தாலும் பரவாயில்லை. கருப்பை தானாகவே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு வலிகளுக்கு நடுவில், வலி இல்லாத நேரத்தில், சின்ன முக்கலாகத் தலையை வெளியே விடச் சொல்பவர்களும் உண்டு.

அதே நேரத்தில் பிரசவம் பார்ப்பவர் ஒரு கையால் குழந்தையின் தலையை லேசாகத் தடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார், இன்னொரு கையால் பெரினியத்தைத் தாங்கிப் பிடிப்பார். தாங்கிப் பிடிப்பதா, கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பதா என்பதில் மருத்துவ உலகில் நீண்ட விவாதம் உண்டு, இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் நார்வேயில் 2000களின் நடுவில் மருத்துவமனைகள் இந்தத் தாங்கும் முறையை எல்லோருக்கும் பயிற்சியாகக் கொடுத்த பிறகு கடுமையான கிழிசல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நான் தாங்கிப் பிடிப்பவர்கள் பக்கம்தான். அவர் கை ஒரு பக்கம் இருக்கட்டும், "தலை எங்கே இருக்கிறது, இப்போது என்ன செய்யணும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதே பாதி உதவி.

எந்த நிலையில் பிரசவிப்பது? மல்லாந்து படுத்து, கால்களை மேலே தூக்கிக் கட்டிய நிலைதான் ஒரே வழி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருக்களித்துப் படுக்கலாம், மண்டியிட்டுக் கைகளை ஊன்றலாம். இந்த இரண்டிலும் தலை நிதானமாக இறங்கும், பெரினியத்தில் அழுத்தம் ஒரே இடத்தில் குவியாது. எபிடியூரல் இல்லாமல் நிமிர்ந்த நிலையில் பிரசவித்தவர்களுக்கு வெட்டு போடுவது குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன, இரண்டாம் நிலைக் கிழிசல் கொஞ்சம் கூடலாம் என்றும் சொல்கின்றன. எபிடியூரல் போட்டவர்கள் முக்கும் கட்டத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தால் ஆயுதம் இல்லாமல் பிரசவமாகும் வாய்ப்பு கூடுகிறது. கருப்பைவாய் முழுசாகத் திறந்த உடனேயே முக்க ஆரம்பிக்காமல், முக்கணும் என்ற உந்துதல் வரும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருப்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை தலைப்பிரசவத்தில் இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரை போகலாம். அவசரப்படுத்த வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. யாராவது அப்படிச் செய்ய வந்தால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெட்டு போடுவது பற்றி

பிறப்புறுப்பின் வாயைப் பெரிதாக்கக் கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் எபிசியாட்டமி. இதை முதலில் விவரித்தவர்களில் ஒருவர் டப்ளினைச் சேர்ந்த ஃபீல்டிங் ஓல்ட், 1742இல், அதுவும் ரொம்பச் சிக்கலான பிரசவத்துக்காக மட்டும். 1920இல் சிகாகோ மருத்துவர் ஜோசப் டிலீ, கிழிவதற்கு முன்பே வெட்டிவிட்டால் நல்லது என்று வாதிட்டார். அந்த எண்ணம் வேகமாகப் பரவியது. 1979இல் அமெரிக்காவில் சுகப்பிரசவங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் வெட்டோடு நடந்தன.

"கோணல்மாணலாகக் கிழிவதைவிட நேரான வெட்டு சீக்கிரம் ஆறும்" என்று இன்றும் சொல்வதைக் கேட்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டு தோலோடு நிற்பதில்லை, தசையையும் சேர்த்து வெட்டுகிறது. அதாவது குறைந்தபட்சம் இரண்டாம் நிலைக் கிழிசலுக்குச் சமமான காயத்தை நிச்சயமாக்கிவிடுகிறது. வெட்டாமல் விட்டிருந்தால் ஒருவேளை சிராய்ப்போடு போயிருக்கும். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவதையும், தேவைப்பட்டால் மட்டும் வெட்டுவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் சேர்த்துப் பார்த்தபோது, தேவைக்கு மட்டும் என்ற பக்கத்தில் கடுமையான கிழிசல் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. வழக்கமாக வெட்டுவது வேண்டாம் என்பதே இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

அதற்காக வெட்டே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். குழந்தையின் இதயத் துடிப்பு சரிந்து உடனே வெளியே எடுக்க வேண்டியிருந்தால், ஃபோர்செப்ஸ் போட வேண்டியிருந்தால், பெரினியம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் ஆழமாகக் கிழியப்போகிறது என்று தெரிந்தால் வெட்டு உதவும். அப்போதும் எப்படி வெட்டுகிறார்கள் என்பது முக்கியம். ஆசனவாயை நோக்கி நேர் கீழே வெட்டினால் கிழிசல் சுருக்குத்தசைக்கே வழிகாட்டியது போல் ஆகிவிடும். பெரினியம் நன்றாக விரிந்திருக்கும்போது 60 டிகிரி சாய்வாக, பக்கவாட்டில் வெட்டுவதே பாதுகாப்பு. மரத்துப்போக ஊசி போட்டிருக்க வேண்டும், உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். எனக்கு நடக்காமல் போனது அந்தக் கடைசி விஷயம்தான். வெட்டு அன்று தேவைப்பட்டிருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் தவிர்க்கச் சிசேரியனே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரினியம் தப்பிக்கும். ஆனால் அது வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை, அதற்கென்று ஆபத்துகள் உண்டு, அடுத்த கர்ப்பங்களையும் பாதிக்கும். கிழிசல் பயத்துக்காக மட்டும் அந்த முடிவை எடுக்கப் பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் இல்லை.

முன்கூட்டியே கேளுங்கள்

வலி வந்த பிறகு இதையெல்லாம் பேச முடியாது. 34ஆவது வாரப் பரிசோதனையின்போதே கேட்டுவிடுங்கள். இங்கே யாருக்கெல்லாம் வெட்டு போடுவீர்கள், வழக்கமாகவா தேவைப்பட்டால் மட்டுமா? ஒருக்களித்துப் படுத்துப் பிரசவிக்க விடுவீர்களா? வெந்நீர்த் துணி வைப்பீர்களா? என்னோடு ஒருவர் நிற்கலாமா? கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட நிற்கப்போகும் கணவரோ அக்காவோ அம்மாவோ, யாராக இருந்தாலும் அவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். அந்த நேரத்தில் உங்களுக்குப் பேச்சு வராது, அவர் பேச வேண்டியிருக்கும்.

கிழிந்துவிட்டால்

என் தங்கைக்கு இத்தனைக்கும் பிறகு இரண்டாம் நிலைக் கிழிசல் வந்தது. தையல் போட்டார்கள். தைக்கும் முன் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார்கள், அவள் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசவம் முடிந்ததும் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க, ஆசனவாய்க்குள் ஒரு விரலை விட்டுச் சுருக்குத்தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கூச்சமாக இருக்கும், மறுக்கத் தோன்றும். மறுக்காதீர்கள். மேலோட்டமாகப் பார்த்து இரண்டாம் நிலை என்று நினைத்துத் தைத்துவிட்டு, உள்ளே சுருக்குத்தசை கிழிந்திருந்ததைத் தவறவிடுவது நடக்கிறது. அன்றைக்கே கண்டுபிடித்துச் சரியாகத் தைத்தால் பலன் நன்றாக இருக்கும். மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசலைத் தைத்துக்கொண்ட பெண்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. அதைப் பொதுவாக அறுவைச் சிகிச்சை அறையில், சரியாக மரக்கச் செய்து தைப்பார்கள். கிருமித்தொற்று வராமலிருக்கவும் மலம் இளகவும் மருந்து தருவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய ஐஸ் பையைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் அடங்கும். பாலூட்டும்போதும் பாராசிட்டமால் போடலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் அதே நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளுங்கள், எரிச்சல் நன்றாகக் குறையும். கழுவுவதும் துடைப்பதும் முன்னாலிருந்து பின்னால். மலம் கழிக்க பயமாக இருக்கும், தையல் பிரிந்துவிடுமோ என்று அடக்கி வைக்கத் தோன்றும். அடக்கினால் இறுகி இன்னும் கஷ்டம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மலம் இளக மருந்து கொடுத்திருந்தால் தவறாமல் சாப்பிடுங்கள், முக்கும்போது சுத்தமான நாப்கினை மடித்துத் தையல் மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தானாகக் கரையும் நூலில்தான் தைப்பார்கள், பிரிக்கப் போக வேண்டியிருக்காது. உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தே பாலூட்டலாம்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், துர்நாற்றமோ சீழோ காய்ச்சலோ வந்தால், தையல் பிரிந்தது போல் தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். காற்று அடக்க முடியவில்லை, ஓடிப்போவதற்குள் மலம் கசிகிறது, பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வருகிறது என்றால் ஆறு வாரப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அது மருத்துவராகவே இருந்தாலும், அடுத்த மருத்துவரிடம் போங்கள். இடுப்புத் தளத் தசைக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள், ஆசனவாய்ச் சுருக்குத்தசையை ஸ்கேனில் பார்க்க முடியும், தேவைப்பட்டால் பின்னாலும் சரிசெய்ய முடியும். பிரசவம் ஆகி ஒரு வருடம் ஆகிவிட்டது, இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றாலும் போகலாம்.